ஸ்கேன் ரூம் சாவி யாரிடம்?

இரவு 11.30 மணி. சேலம், நாமக்கல் பக்கம் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது.

"ஏனுங்க சிஸ்டர், அந்த ஸ்கேன் மிஷினைக் கொஞ்சம் இங்க உருட்டிட்டு வந்தா ஆகாதுங்களா? பையன் வயித்தப் புடிச்சுக்கிட்டுத் துடிக்கிறானுங்க."

"ரூம் பூட்டியிருக்குதுங்கம்மா. டாக்டருக்குப் போன் போட்டாச்சு. சாவி வந்ததும் கூட்டிட்டுப் போயிருவோம். பயப்படாதீங்க."

அந்த அம்மா அமைதியாக உட்கார்ந்துவிடுகிறார். ஆனால், அவர் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டேயிருக்கும். ஈ.சி.ஜி மிஷின் தள்ளுவண்டியில் வார்டுக்கு வார்டு போகிறது. சொட்டு மருந்து ஏற்றும் பம்ப் கட்டிலுக்குக் கட்டில் மாறுகிறது. ஸ்கேனுக்கு மட்டும் எதற்கு இத்தனை பூட்டு?

அந்தப் பூட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. அதில் பெரும் பங்கு இந்தச் சேலத்து மண்ணுடையது.

ஒரு மிஷின், ஐந்து வாசல்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்றதும் கர்ப்பிணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், ஆஸ்பத்திரியில் அந்த மிஷினைத் தேடிப் பல துறையினர் வருகிறார்கள்.

கதிரியக்கத் துறைக்கு வயிறு, சிறுநீரகம், கல்லீரல் பார்க்க வேண்டும். மகப்பேறு துறைக்கு தாயையும் சேயையும் பார்க்க வேண்டும். இதயப் பிரிவில் எடுக்கும் 'எக்கோ'வும் இதே ஒலி அலையில் இயங்குவதுதான். மயக்க மருந்து டாக்டர்கள், கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியைச் சரியான நரம்புக்குப் பக்கத்தில் போட, திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்துகிறார்கள்.

ஐந்தாவதாக அவசர சிகிச்சைப் பிரிவு. பெங்களூரிலிருந்து சேலம், ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் இரவெல்லாம் ஓடுகின்றன. விபத்தில் அடிபட்டு வருபவருக்கு வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இதயத்தைச் சுற்றி, கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு என்று நான்கு இடங்களில் ஸ்கேன் புரோபை வைத்துப் பார்த்தால், ரத்தம் தேங்கியிருப்பதைச் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். ஆபரேஷன் தியேட்டருக்கு உடனே போக வேண்டுமா என்பதை முடிவு செய்ய இது பெரிதும் உதவும்.

கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் கரு தங்கிவிட்ட பெண்ணுக்கும் அப்படித்தான். குழாய் வெடித்துவிட்டால் உள்ளேயே ரத்தம் கொட்டும். அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஆக, இந்த மிஷின் பொதுச் சொத்து. பல துறைகளும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால், பம்ப்பைப் போலவோ ஈ.சி.ஜி மிஷினைப் போலவோ யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போக முடியாது. காரணம், கருவில் இருப்பது பெண் என்று காட்டிக்கொடுப்பதும் இதே மிஷின்தான்.

தொட்டில் வைத்த ஊர்

1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது தனி மாவட்டம் இல்லை. 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. பெண் குழந்தையை வளர்க்க முடியாது என்று நினைப்பவர்கள், அதைக் கொன்றுவிடாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதே திட்டம். ஓர் அரசாங்கம் இப்படித் தொட்டில் வைக்க வேண்டிய நிலை இருந்தது என்பதிலிருந்தே அன்றைய நிலைமை புரியும். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் இந்தத் திட்டம் போனது.

இந்தக் காலத்தில்தான் ஸ்கேன் மிஷின்கள் சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. பிறந்த பிறகு கள்ளிப்பாலில் நடந்தது, பிறப்பதற்கு முன்பே நடக்க வழி பிறந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் அந்த எண்ணிக்கை 942. 2011-ல் சேலம் 916-க்கு ஏறியது. முன்னேற்றம்தான். அப்போதும் மாநிலத்தின் 943-ஐ எட்டவில்லை.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதைத் தடுக்க, நாடாளுமன்றம் 1994-ல் சட்டம் இயற்றியது. 1996 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. ஸ்கேன் அறைக் கதவில் தொங்கும் பூட்டு அந்தச் சட்டத்தின் பெயரால் போடப்பட்டதுதான்.

இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. கையடக்க ஸ்கேன் கருவியை வீட்டுக்கே எடுத்துப்போய்க் கருவின் பாலினம் பார்த்துச் சொன்ன கும்பல்கள், பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் அண்மை ஆண்டுகளிலும் பிடிபட்டிருக்கின்றன.

சட்டம் கேட்கும் நான்கு கேள்விகள்

இந்தச் சட்டத்தையும் அதன் விதிகளையும் சுருக்கினால், ஒவ்வொரு ஸ்கேன் மிஷினைப் பற்றியும் நான்கு கேள்விகள் கேட்கிறது என்று சொல்லலாம்.

முதல் கேள்வி: எந்த மிஷின்? பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் மிஷினை விற்கவே கூடாது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் பதிவு கட்டாயம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புது மிஷின் வாங்கினாலோ இடம் மாற்றினாலோ 30 நாட்களுக்கு முன்பே தெரிவித்து, சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டும்.

இரண்டாவது: எந்த இடம்? தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஸ்கேன் மிஷின்களுக்காக 2012-ல் தனி விதி வந்தது. பதிவான வளாகத்துக்குள், அங்கே தங்கிச் சிகிச்சை பெறும் உள்நோயாளிகளுக்காக அதைப் பயன்படுத்தலாம். பல மருத்துவ சேவைகளைச் சேர்த்துத் தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் வைத்துக்கொள்ளலாம். இவற்றைத் தவிர வேறெங்கும் எடுத்துப்போகக் கூடாது.

மூன்றாவது: யார் கை? ஸ்கேன் செய்யத் தகுதியுள்ள டாக்டர்களின் விவரம் பதிவில் இருக்க வேண்டும். ஆள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். 2012-ல் வந்த விதிப்படி, ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு மையங்களுக்கு மேல் இதற்காகப் பதிவு செய்துகொள்ள முடியாது.

நான்காவது: யாருக்கு, எதற்கு? கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 'படிவம் எஃப்' நிரப்ப வேண்டும். எதற்காக ஸ்கேன் என்று குறிக்க, 23 மருத்துவக் காரணங்கள் அந்தப் படிவத்திலேயே பட்டியலாக இருக்கின்றன. மாதம் முழுக்க எடுத்த ஸ்கேன்களின் அறிக்கை, அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் மாவட்ட அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். பதிவேடுகளை இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

படிவத்தை அரைகுறையாக விட்டால், அதையே சட்ட மீறலாகக் கருதலாம். "எழுத்துப் பிழைக்கும் விட்டுப்போன கட்டத்துக்கும் கிரிமினல் வழக்கா?" என்று மகப்பேறு மருத்துவர்களின் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மே மாதம் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. படிவம்தான் இந்தச் சட்டத்தின் கண். அதை மூடிவிட்டால் குற்றத்தைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை என்ற நோக்கில் தீர்ப்பு அமைந்தது.

சட்டம் சொல்லாத பூட்டு

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. மேலே உள்ள நான்கு கேள்விகளில், 'சாயங்காலம் அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போ' என்று எங்கேயும் இல்லை. 'அவசரம் என்று வருபவரைக் காத்திருக்க வை' என்றும் இல்லை. பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளியின் கட்டிலுக்கே மிஷினைக் கொண்டுபோகச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

பிறகு ஏன் பூட்டு? பயம்தான். வழக்கு என்று வந்தால், தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை உறுதியானால், டாக்டரின் பெயர் மருத்துவ கவுன்சில் பதிவேட்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு நீக்கப்படும். மறுபடியும் அதே குற்றம் என்றால் நிரந்தரமாக நீக்கப்படும். இந்தச் சூழலில் மிஷினுக்குப் பொறுப்பானவர், 'என் கண்ணில் படாமல் யாரும் தொட வேண்டாம்' என்று நினைப்பது இயல்பு. ஒரே சாவி, ஒரே ஆள் என்பதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு.

ஆனால், அந்த ஒரே சாவியால் இரண்டு தீமைகள் வருகின்றன. அவசரத்தில் நோயாளி காத்திருக்கிறார். அதைத் தாங்க முடியாமல் யாராவது மாற்றுச் சாவி செய்து வைக்கிறார்கள். மிஷினுக்குள் நுழையும் கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, நள்ளிரவில் அந்த மிஷினை யார் தொட்டார்கள், யாருக்கு எடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பெண் சிசுவைக் காக்கப் போட்ட பூட்டே அந்தக் காவலை ஓட்டையாக்கிவிடுகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆட்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-லிருந்து இயங்குகிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி என்றாலே பயிற்சி டாக்டர்கள் ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குச் சுற்றி வருவார்கள். இந்த மாதம் மகப்பேறு, அடுத்த மாதம் அவசரப் பிரிவு. யாருக்கு எந்த மிஷினைத் தொட அனுமதி என்ற பட்டியலும் அதே வேகத்தில் மாறினால்தான் சரியாக இருக்கும். பட்டியல் பழையதாகவே கிடந்தால், அனுமதி உள்ளவர் ஊரில் இருக்க மாட்டார். ஊரில் இருப்பவருக்கு அனுமதி இருக்காது.

தேடியே தேயும் நேரம்

ஸ்கேனுக்குச் சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாத சாதாரணக் கருவிகளிலும் பகிர்ந்துகொள்வது எளிதாக இல்லை. மருந்து பம்ப், மானிட்டர், சக்ஷன் மிஷின், ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி என எதையெடுத்தாலும் ஒரு வார்டில் தேடுவார்கள், இன்னொரு வார்டின் அலமாரியில் அது தூங்கும். 'நாளைக்குக் கேட்டால் கிடைக்காது' என்று நர்ஸுகள் பத்திரப்படுத்தி வைப்பதுதான் காரணம். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் யாரும் ஒளித்து வைக்க மாட்டார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. இங்கிலாந்தில் 2009-ல் ஒரு நர்ஸிங் பத்திரிகை எடுத்த கணக்கெடுப்பில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நர்ஸுகள், ஒரு ஷிப்டில் குறைந்தது ஒரு மணி நேரம் கருவிகளைத் தேடுவதிலேயே போகிறது என்று சொன்னார்கள். அதற்கு அங்கே பல ஆஸ்பத்திரிகள் கண்ட தீர்வு எளிமையானது. நூலகம் மாதிரி ஒரு கருவி அறை. பம்ப் வேண்டுமா? கையெழுத்துப் போட்டு எடுத்துப்போக வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப வேண்டும். துடைத்து, சார்ஜ் போட்டு, சோதித்து அடுத்தவருக்குத் தயாராக வைப்பது அந்த அறையின் வேலை.

இந்தியாவிலும் ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மத்திய சுகாதாரத் துறை, மாநிலங்களில் 29,000-க்கும் மேற்பட்ட அரசு மருத்துவ நிலையங்களில் இருந்த சுமார் ஏழரை லட்சம் கருவிகளைப் பட்டியலிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவிகிதம் வரை இயங்காமல் கிடந்தன. இதையொட்டி 2015-ல் கருவிப் பராமரிப்புத் திட்டம் ஒன்று வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் கருவிகள் 95 சதவிகித நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. ஆனால், இயங்கும் மிஷின் பூட்டிய அறைக்குள் இருந்தால், வெளியே காத்திருக்கும் நோயாளிக்கு அது பழுதான மிஷினுக்குச் சமம்தான்.

நல்ல ஏற்பாடு எப்படி இருக்கும்?

குற்றத்தைத் தடுக்க வேண்டும். அவசரத்தைத் தடுக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அவசரப் பிரிவுக்கென்று ஒரு மிஷினைத் தனியாகப் பதிவு செய்து அங்கேயே வைத்துவிடுவது முதல் படி. விபத்துக்கு வேறு துறையின் கதவைத் தட்ட வேண்டிய வேலையே இருக்காது.

அடுத்தது, சாவியை ஆளிடம் தராமல் டியூட்டியிடம் தருவது. இந்த ஷிப்டில் பொறுப்பு யார் என்று எழுதி ஒட்டிவிட்டால், ஷிப்ட் மாறும்போது சாவியும் கையெழுத்தோடு கைமாறும். நர்ஸுகள் தங்கள் வார்டில் மருந்து அலமாரிச் சாவியை இப்படித்தான் பல காலமாக ஒப்படைத்து வருகிறார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு டாக்டருக்கும் தனிக் கடவுச்சொல். புதிய மிஷின்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. அப்படி இருந்தால், எந்த நேரத்தில் எந்த ஸ்கேனை யார் எடுத்தார்கள் என்பது மிஷினிலேயே பதிந்துவிடும். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் இதற்கு ஒரு படி மேலே போய், ஒவ்வொரு ஸ்கேனையும் பதிவு செய்துகொள்ளும் 'சைலன்ட் அப்சர்வர்' என்ற கருவியை ஸ்கேன் மிஷின்களிலேயே பொருத்தச் செய்தார்கள். டாக்டர்கள் தரப்பில் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2011-ல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்றது.

நான்காவது, படிவத்தை மிஷினோடு சேர்த்தே வைப்பது. தள்ளுவண்டியில் ஜெல் பாட்டில் இருக்கும் இடத்திலேயே படிவ எஃப் கட்டும் பேனாவும் இருந்தால், 'காலையில் எழுதிக்கொள்ளலாம்' என்ற பேச்சே வராது. இந்தச் சட்டத்தில் பல டாக்டர்கள் மாட்டிக்கொள்வது படிவத்தில் விட்டுப்போன கட்டங்களால்தான்.

கடைசியாக, மாதம் ஒருநாள் எல்லாத் துறைத் தலைவர்களும் உட்கார்ந்து, எந்த இரவில் யார் காத்திருந்தார்கள், ஏன் என்று பார்ப்பது. யார் தொட்டார்கள் என்பதை மட்டும் எழுதும் ரிஜிஸ்டர் போதாது. தொட முடியாமல் யார் காத்திருந்தார்கள் என்பதையும் எழுதும் ரிஜிஸ்டர் வேண்டும்.

ஸ்கேனுக்குப் போகிறீர்களா?

ஸ்கேன் அறைக்கு வெளியே பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படாது என்ற பலகை, ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தின் பிரதி அங்கே இருக்க வேண்டும் என்பதும் விதி.

கர்ப்பிணி என்றால் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பாலினம் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்ற உறுதிமொழி அது. 'வேகமா போகணும், அப்புறம் போடறேன்' என்று சொல்லாதீர்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஸ்கேன் எடுத்தால் டாக்டர்தான் மாட்டிக்கொள்வார்.

'பையனா, பொண்ணா... ஜாடையாவது காட்டுங்க' என்று வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பதும் உண்டு. கேட்பதும் குற்றம். பாலினம் அறிய நாடுகிறவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். கட்டாயத்தின் பேரில் ஸ்கேனுக்கு வந்த கர்ப்பிணியை இந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. கணவரும் உறவினரும்தான் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே எடுத்துக்கொள்ளும். இப்படி எங்கேயாவது நடப்பதாகத் தெரிந்தால், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் தரலாம்.

இரவில் ஸ்கேனுக்குக் காத்திருக்க நேர்ந்தால், நர்ஸிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பூட்டைப் போட்டவர் அவரில்லை. 'இந்த ஷிப்டில் ஸ்கேனுக்குப் பொறுப்பு யாருங்க?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பெயர் பதிலாக வந்தால், அந்த ஆஸ்பத்திரியில் ஏற்பாடு சரியாக இருக்கிறது. 'தெரியலைங்க' என்று வந்தால், மறுநாள் காலையில் கண்காணிப்பாளருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

வராந்தாவில் காத்திருந்த அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், எதிர்ச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம் என்று எழுதிய பலகை. அது பிறக்கப்போகும் பெண் குழந்தைக்கு ஆஸ்பத்திரி கொடுத்த வாக்கு. அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பலகைக்கும் இடம் இருக்கிறது. இன்றைய இரவு டியூட்டி டாக்டரின் பெயரும், சாவி இருக்கும் இடமும் அதில் எழுதியிருந்தால், அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் அவர் மகனுக்குக் கொடுத்த வாக்காக இருக்கும்.